வாரம் ஒருமுறை

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சிலம்பையும் குறளையும் விரித்துரைக்க இம்மேடையில் புலவர் பெருமக்கள் வீற்றிருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்த நமக்கு அத்துறையில் என்ன வேலை? ஆகவே ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச முன்வந்தோம். உளுந்தளவும் இல்லாத மாத்திரை. மெத்தோடிரெக்சேட் என்பது அதன் பெயர். அது நம்மை வாழவும் வைத்தது. ஒருமுறை சாகவும் பார்த்தது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறோம். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்பர். டாக்டர்கள் சொரியாசிஸ் என்பர். நல்ல தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். இந்நோயிலோ அவ்வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. இறக்க ஆளின்றி நடைமேடையில் மூட்டைகள் குவிவதைப் போல, முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் வெள்ளிச் செதில்கள் குவிகின்றன. இது தொற்றுநோய் அன்று. தொட்டாலும் ஒட்டாது, உடன் உண்டாலும் வாராது. ஆயினும் நெடுங்காலம் இதனைக் குட்டத்தோடு சேர்த்தே எண்ணினர். 1841-இல் வியன்னா நகரத்து ஹெப்ரா என்னும் டாக்டர்தாம் இரண்டும் வேறு வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அச்செய்தி நாம் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. அங்கே நமக்கென்று ஒரு குவளை தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

தோலோடு நின்றிருந்தால் பொறுத்திருப்போம். இந்நோயுடையாருள் பத்துப் பேரில் இருவர் மூவருக்கு அது மூட்டுகளிலும் இறங்குகிறது. நமக்கும் இறங்கிற்று. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்கா. வலக்கை நடுவிரல் வாழைப்பிஞ்சு போல் வீங்கிற்று. எழுத்தருக்குப் பேனா பிடிக்க இயலாவிடில் பிழைப்பு ஏது?

ஊரில் உள்ள தமக்கையார் வெட்பாலைத் தைலம் அனுப்பினார். இங்குள்ளோர் அதனைத் தந்தப்பாலை என்பர். இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாய் மாறும், பார்க்கவே அழகு. செதில் சற்று அடங்கிற்று, விரல் அடங்கவில்லை. பிறகே டாக்டர் இம்மாத்திரையை எழுதினார்.

இம்மாத்திரையின் பிறப்பில் நம் நாட்டுக்குப் பங்குண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது, கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மலிவான ‘மார்மைட்’ அதனைத் தீர்ப்பதைக் கண்டார். அதனுள் இருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. 1940-களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அதனைச் செயற்கையாகச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர், தெலுங்கர். ஆயினும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவராதலால், நாமும் சற்று உரிமை கொண்டாடலாம். கதர் அங்கி அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றோடு வெளியேறினார் என்பது அவர் வரலாறு.

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றங்கொண்டு, அதன் வேலையைத் தடுக்கும் பொய்ச்சாவிகளையும் அவருடைய குழுவினர் செய்தனர். பூட்டினுள் நுழையும், திறவாது. விரைந்து பெருகும் உயிரணுக்கள் அதனால் தடைப்படும். அத்தகைய அமினாப்டெரினைக் கொண்டு, இரத்தப் புற்று நோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாக நலம் கிட்டியதை 1948-இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் காலமானார், வயது 53. மூட்டுவாதத்துக்கு அம்மருந்தை உண்டவர்களுக்குச் சொரியாசிஸும் மறைவதை 1951-இல் கண்டனர். அதன் தம்பியே நம் மெத்தோடிரெக்சேட்.

இனி நம் கதை. டாக்டர் மலையாளத்தில் ‘ஆழ்ச்சையில் ஒரிக்கல்’ என்றார்; வாரத்தில் ஒருமுறை என்பது பொருள். இரண்டரை மில்லிகிராம் மாத்திரை மூன்று, ஞாயிறு இரவு. நாமும் தலையாட்டினோம். மருந்துக்கடையில் உறையின்மீது இராவேளைக் கட்டத்தில் 3 என்று எழுதித் தந்தனர், கிழமை எழுதவில்லை. வீட்டில் உறையைப் பார்த்தே உண்டோம். ஞாயிறு முதல் வியாழன்வரை ஐந்து இரவுகள்! வெள்ளியன்று வாயெல்லாம் புண், நீர்கூட இறங்கவில்லை. மறுநாள் காய்ச்சல். இரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. லூக்கோவோரின் என்னும் மாற்று மருந்தை ஊசிவழியே செலுத்தி, ஒன்பது நாள் படுக்கையில் வைத்து மீட்டனர்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. வாராந்திர வண்டியைத் தினசரி வண்டியென்று எண்ணிப் பெட்டியும் குழந்தையுமாக வந்து நிற்கும் பயணிகளிடம், ‘அட்டவணையைப் பார்த்திருக்கக் கூடாதா’ என்று எத்தனை முறை கடிந்திருப்போம்! மலையாளத்தில் ‘திவசவும்’ என்றால் நாள்தோறும் என்று பொருள். நமக்கோ திவசம் வேறு. இம்மருந்தைத் திவசவும் உண்டால் திவசத்தில்தான் முடியும் என்று, படுக்கையருகில் இருந்த மனைவியிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

மருந்தை விட்டுவிடவில்லை. நலமான பின் டாக்டரின் மேற்பார்வையில் மீண்டும் தொடங்கினோம். இரண்டு மாதம்வரை பயன் தெரியவில்லை. மூன்றாம் மாதம் விரல் மடங்கிற்று. ஞாயிறு மெத்தோடிரெக்சேட், டாக்டர் குறித்த வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். குறித்த காலத்தில் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் சோதனை. மது அறவே கூடாது. கருவுற்ற பெண்களும், கருவுற எண்ணுவோரும் இதனைத் தொடலாகாது. வேறு நோய்க்கு வேறு டாக்டரிடம் போனாலும் இதனை முதலில் சொல்லியாக வேண்டும். கோ-டிரைமாக்சசோல் போன்ற சில மருந்துகள் இதனோடு சேர்ந்தால் நஞ்சாகும். வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும்.

2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ரமிலாஸ்ட் என்னும் மாத்திரையும் இப்பொழுது இங்குக் கிடைக்கிறது. அது நாள்தோறும் உண்பது. தொடக்கத்தில் வயிற்றோட்டம் உண்டாகலாம். எது யாருக்கு என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். நாம் சொல்லக் கூடாது.

நம் வீட்டு நாட்காட்டியில் ஞாயிறு தோறும் சிவப்பு மையால் ஒரு வட்டம் இருக்கும். மாத்திரை விழுங்கியதும் மனைவி அதனை அடித்துவிடுவார். அடிக்கப்பட்ட வட்டத்துக்கு மாத்திரை கிடையாது.

இங்கு வந்துள்ளோரில் மலையாளம் படிக்க வராத முதியோர் பலர் உளர் என்பதை அறிவோம். உணவுப் பந்தி முடியும்வரை வாயிற்புற மேசையில் அமர்ந்திருப்போம். மருந்துச் சீட்டையும் உறையையும் கொண்டுவந்தால், அவற்றில் உள்ளதை உள்ளபடியே தமிழில் எழுதித் தருகிறோம். ஐயம் எழுந்தால் டாக்டரிடமே தொலைபேசியில் கேட்டுவிடுவோம். விரல் இப்பொழுது எழுதுகிறது.