கோடை மலையில் மோட்டார் சைக்கிள்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலை சுவர் போல எழுந்து நிற்கிறது. இலவ மரங்களையும் மாந்தோப்புகளையும் கடந்து முந்தலை அடைந்தால், ஒரு சாலை குரங்கணிக்குப் பிரிகிறது. மற்றொன்று கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று, நாலாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த போடிமெட்டுக்கு ஏறுகிறது. ஏலத்தோட்டக் கணக்கரும் மேற்பார்வையாளரும் வியாபாரிகளும் அன்றாடம் இவ்வழிகளில் மோட்டார் சைக்கிளில் சென்று வருகின்றனர். மாசி கழிந்து வெயில் முற்றும் நாட்களில், வழியில் நின்றுபோன வண்டியருகே வியர்வை சொட்ட நிற்பவர்களை நான் பல முறை கண்டிருக்கிறேன். பெரும்பாலோர் கிக்கரை உதைத்த வண்ணமே இருப்பர். அந்நேரத்தில் வண்டிக்கு வேண்டியது உதை அன்று; ஓய்வு.

இஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ, அதனினும் குறைவாகவோதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியது வெப்பமாகிப் புகைக்குழாய் வழியாகவும், சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் வழியாகவும் வெளியேற வேண்டும். சமவெளியில் விரைந்து செல்கையில் காற்று அத்தகடுகளைக் குளிர்விக்கிறது. மலையேற்றத்திலோ இஞ்சினின் உழைப்பு மிகுதி. வண்டியின் வேகமும் காற்றும் குறைவு. வீசும் காற்றும் அனலாயிருப்பின் சொல்ல வேண்டுவதில்லை.

இஞ்சின் முன்னறிவிப்பின்றி நிற்பது அரிது. முதலில் இழுவை குறையும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால், தகரப் பெட்டியில் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போன்ற ஓசை எழும். எண்ணெய் தீய்ந்த வாடை வீசும். இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே ஓரமாக நிறுத்திவிடுதல் அறிவுடைமை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டன் இறுகிப் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்வதும் உண்டு. அக்கணமே கிளட்சை அழுத்திப் பிடித்தால் விழாமல் தப்பலாம்.

நிறுத்தும் இடத்திலும் கவனம் தேவை. நிழலைக் கண்டதும் காய்ந்த புல்லின்மேல் வண்டியை ஏற்றிவிடலாகாது. கொதிக்கும் சைலன்ஸர் சருகைப் பற்ற வைக்க வல்லது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அத்தீ வண்டியால் வந்தது என்று நான் கூறவில்லை. கோடையில் அம்மலைப் புல் எத்துணை விரைவாக எரியும் என்பதற்கே அதனை நினைவூட்டுகிறேன். வெறும் பாறையிலோ மண்தரையிலோ வண்டியை நிறுத்துங்கள்.

அடுத்து, அரைமணி நேரம் பொறுத்திருங்கள். சூடான சிலிண்டர்மேல் நீரை ஊற்றாதீர்கள். உலோகம் சட்டெனச் சுருங்கி வெடிப்புக் காணலாம். ஆறிய பின் வண்டி தானே புறப்பட்டால், குற்றம் சூட்டைச் சார்ந்தது என்பது தெளிவு.

புறப்படாவிடில் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். முதலில் பெட்ரோல் தொட்டியின் மூடியை மெல்லத் திறவுங்கள். காற்று உள்ளே உறிஞ்சப்படும் ஓசை கேட்டால், மூடியிலுள்ள சிறு துளை அடைபட்டிருக்கிறது. அதைத் துடைத்தால் போதும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 40 பாகை செல்சியஸை ஒட்டியே ஆவியாகத் தொடங்கும். அவ்வாவி குழாயை அடைத்துக்கொள்ளும். குழாயின்மேலும் கார்புரேட்டரின்மேலும் ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் ஆவி மீண்டும் திரவமாகும். பிளக் நனைந்திருந்தால் குறை பெரும்பாலும் மின்பொறியில் இருக்கும். சூட்டில் பொறி அற்று, ஆறியதும் பொறி வருமாயின், மின்சுருளை ஐயுறலாம். சிந்திய பெட்ரோல் உலர்ந்த பின்னரே பொறியைச் சோதிக்க வேண்டும்.

பிளக்கின் நிறமும் ஒரு சான்று. வெளிறிய வெண்மை, கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு மிகுந்ததைக் காட்டும். கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. மலையுச்சியில் காற்று அடர்த்தி குறைவதால், கார்புரேட்டர் வண்டிகளில் இது இயல்பாகவே நேரும். இறுதியாக எண்ணெயின் அளவைப் பாருங்கள். குறைந்த எண்ணெயுடன் ஏற்றம் ஏறுவது இஞ்சினை அழிக்கும் வழி.

2020 ஏப்ரலுக்குப் பின் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த புது வண்டிகளில், பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதிலாக பெட்ரோலை அளந்து பீய்ச்சும் அமைப்பு உள்ளது. அவற்றில் ஆவியடைப்பு அரிது. ஆனால் சூட்டுக்கு அவையும் விலக்கல்ல. திரவத்தால் குளிரும் வண்டியாயின், சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

இத்தொல்லைகளுள் பலவற்றை வீட்டிலேயே தவிர்க்கலாம். தகடுகளில் அப்பிய சேற்றைக் கழுவுங்கள், எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள், சுமையைக் குறையுங்கள், விடியலில் புறப்படுங்கள். ஏற்றத்தில் இஞ்சின் திணறும்வரை காத்திராமல் முன்னதாகவே கீழ்க் கியருக்கு மாறுங்கள். தோட்டத்தில் சம்பளத்துக்குக் காத்திருப்போர் அரைமணி நேரம் பொறுப்பர். இறுகிப்போன பிஸ்டனோடு ஆளற்ற வளைவில் நிற்பவருக்கோ, அந்தப் பகற்பொழுது முழுவதுமே போய்விடும்.