கற்றுக்கொள்ளத்தானே வந்தாய்?

(மைசூரில் பல் மருத்துவர்களும் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பல் மருத்துவத்தின் எதிர்காலம்’. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு என் கிளினிக் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அதைச் சொல்லாமல் எதிர்காலத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வெளியூரில் பி.டி.எஸ். படித்தவள். படிப்பு முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அப்பா இங்கே ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பி.எஃப். பணம் முழுவதும் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் கரைந்துவிட்டது. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். “சார், இதை ஒரு தடவை பாருங்க” என்று நீட்டினாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை அவளுக்கு.

நடந்தது இதுதான். அவள் வேலை செய்த கிளினிக்கில் முந்தின நாள் சாயங்காலம் ஒரு ரூட் கெனால். கீழ்க் கடைவாய்ப்பல். முன் வேரில் கால்வாய் வளைந்து போகிறது. நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் கால்வாய்க்குள் ஊசி போன்ற ஒரு ஃபைலை விட்டுச் சுரண்ட வேண்டும். நுனி தலைமுடி கனம்தான் இருக்கும். இத்தனை தடவைக்கு மேல் அதைப் பயன்படுத்தினால் உலோகம் களைத்துப் போகும். இந்த ஃபைல் அதற்கு முன் எத்தனை வாய்க்குள் போய் வந்ததென்று அங்கே யாருக்கும் தெரியாது. புதிது கேட்டால், “செலவு யார் அப்பன் வீட்டுக் காசு?” என்று கேட்பார்களாம். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்க்கிறாள், நுனியில் மூன்று மில்லிமீட்டரைக் காணோம்.

சொல்லுங்கள், உங்களில் யாருக்கு இது நடக்கவில்லை? எனக்கு நடந்திருக்கிறது. யாருக்கும் நடக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு மூத்தவர் வேண்டும். அவள் பக்கத்தில் யார் இருந்தார்? ஒருவரும் இல்லை! உதவிக்கு இருந்த பையன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம். முதலாளி டாக்டர் இன்னொரு கிளையில் இருந்தார். போன் செய்தாள். பதில் வந்தது: “மருந்து வைத்து மூடு, பில் போட்டு அனுப்பு, ஆளிடம் ஒன்றும் சொல்லாதே.”

அந்த நாற்காலியில் படுத்திருந்தது ஊதுபத்தி உருட்டிப் பிழைக்கிற ஓர் அம்மா. இவள் மறைக்கவில்லை. எக்ஸ்ரேயைக் காட்டி நடந்ததைச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் வேலை போயிற்று. அந்த மாதச் சம்பளமும் போயிற்று. சம்பளத்தைக் கேட்டதற்கு அந்த மனிதர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்கிறேன்: “கற்றுக்கொள்ளத்தானே வந்தாய்? கற்றுக்கொண்டாய். போ.”

யார் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஓர் ஆளைத் திட்டிவிட்டு நாம் எல்லோரும் நல்லவர்களாக வீட்டுக்குப் போய்விடுவோம். அதற்கு நான் விட மாட்டேன்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். போன மாதம் அவள் செய்த வேலையை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறாள். ரூட் கெனால் 14, தலைக்கு 3,500 ரூபாய். சுத்தம் செய்தது 30, தலைக்கு 800. சொத்தை அடைத்தது 25, தலைக்கு 800. பல் எடுத்தது 18, தலைக்கு 500. கூட்டிப் பாருங்கள், 1,02,000 ரூபாய். அவளுக்குப் பேசிய சம்பளம் 9,000. அந்த மாதம் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்ததற்கு 600 பிடித்தம். கையில் வந்தது 8,400. வாடகை உண்டு, மின்சாரம் உண்டு, லேப் பில் உண்டு, கடன் தவணை உண்டு, எல்லாம் எனக்கும் தெரியும். நானும் கிளினிக் நடத்துகிறவன்தான். பாதியைச் செலவுக்கென்று எடுத்து வைத்தாலும் மிச்சம் 51,000. அதில் அவள் கைக்கு 8,400 மட்டும் ஏன் போயிற்று? ஏனென்றால், அவள் கற்றுக்கொள்ளத்தானே வந்தாள்! (கைதட்டல்)

கைதட்டாதீர்கள். கைதட்டுகிறவர்களில் நாலு பேர் கிளினிக்கில் என்ன சம்பளம் என்று எனக்குத் தெரியும்.

கற்றுக்கொடுப்பது என்றால் என்ன? நான் படித்துவிட்டு வந்த புதிதில் இந்த ஊர் மண்டி மொஹல்லாவில் ஒரு பெரியவரிடம் சேர்ந்தேன். காலமாகிவிட்டார். ஒருநாள் ஞானப்பல் எடுக்கும்போது வேர் நுனி உடைந்து உள்ளே நின்றுவிட்டது. ரத்தம் குழியில் நிறைகிறது, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு முதுகெல்லாம் வேர்வை. பெரியவர் அடுத்த அறையிலிருந்து வந்தார். எலிவேட்டர் என்ற கருவியை என் கையிலிருந்து வாங்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். படுத்திருந்த பெண்மணியிடம் “ஹெதர்பேடம்மா”, பயப்படாதீர்கள் அம்மா, என்று கன்னடத்தில் சொல்லித் தோளைத் தட்டினார். அப்புறம் என்னிடம் மெதுவாக, “பஞ்சை வை. நூறு வரை எண்ணு. இப்போது எடு. தெரிகிறதா? எலிவேட்டர் நுனியை எலும்புக்கும் வேருக்கும் நடுவே வை. நெம்பாதே, திருப்பு. இடது கட்டைவிரல் எங்கே?” என்றார். என் கட்டைவிரலைப் பிடித்து ஈறின் மேல் வைத்தார். வேர் நுனி மேலே வந்தது. அந்த மாதச் சம்பளத்தில் அவர் ஒரு பைசா குறைக்கவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்ட சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதுதான் ஐயா கற்றுக்கொடுப்பது! ஸ்டூலை இழுத்துப் போடாதவனுக்குக் குரு என்று சொல்லிக்கொள்ள என்ன யோக்கியதை?

நம் நாட்டில் இந்தப் படிப்பு எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் அயோவாவில் பல் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதை நடத்தப் பணம் வேண்டுமே. ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்று ஒரு கடை போட்டார். அதில் வந்த காசை எடுத்துக் கல்லூரியில் போட்டார். 1949இல் கல்லூரியை மேற்கு வங்க அரசிடமே ஒப்படைத்துவிட்டார். இன்றைக்கும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது. சோடா விற்றுப் பாடம் நடத்தினார் அந்த மனிதர். இன்றைக்குப் பாடம் என்ற பெயரைச் சொல்லிப் பிள்ளைகளின் ரத்தத்தை விற்கிறார்கள்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை என்றார். அவர் கிளினிக் பெயர்ப் பலகையை நான் பார்த்திருக்கிறேன், இந்த முனையில் ஏணி வைத்துத் துடைக்க ஆரம்பித்தால் அந்த முனைக்குப் போவதற்குள் இங்கே தூசி படிந்துவிடும். (சிரிப்பு) பலகைக்குப் போட்ட பணத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுத்திருக்கலாம். பொறுமை இல்லையாம்! காலை ஒன்பதரைக்கு வந்து ராத்திரி ஒன்பதுக்குப் போகிற பிள்ளைக்கா பொறுமை இல்லை?

“நாங்கள் மட்டும் கஷ்டப்படவில்லையா?” என்றும் கேட்டார். மாமியாரிடம் பட்டதையெல்லாம் மருமகளிடம் தீர்த்துக்கொள்கிற நியாயம் இது. இன்னொரு கூட்டம் இருக்கிறது: சந்தையில் தக்காளி குவிந்தால் விலை விழும், டாக்டர் குவிந்தாலும் அப்படித்தான் என்று கூடையைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள். தக்காளியையும் உங்கள் பிள்ளையையும் ஒரே தராசில் வைக்க உங்களுக்கு மனம் வருகிறதா?

ஆள் குவிந்தது உண்மைதான். நாட்டில் 300க்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரிகள், வருடத்துக்கு 25,000க்கும் மேல் பி.டி.எஸ். இடங்கள். கல்லூரிகள் மிக அதிகமாக இருக்கிற மாநிலங்களில் ஒன்று நம் கர்நாடகம். இந்த ஊரிலேயே இரண்டு: ஜே.எஸ்.எஸ். 1986இலிருந்து இருக்கிறது, ஃபரூக்கியா இருக்கிறது. கல்லூரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாலு வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி, அதை அவர்கள் செய்கிறார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு? அங்கேதான் பள்ளம்.

1948 மார்ச் மாதத்தில் இந்த நாட்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம். இன்னொன்று பல் மருத்துவர் சட்டம். ஒரே மாதத்துப் பிள்ளைகள், ஒன்றை ஒன்று திரும்பிப் பார்த்ததே இல்லை. பீடி சுற்றுகிறவருக்கும் செங்கல் சுமக்கிறவருக்கும் இவ்வளவுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று முதல் சட்டம் கோடு போட்டது. பதிவு, படிப்பு, கவுன்சில் எல்லாவற்றையும் எழுதிய இரண்டாவது சட்டம், புதிதாக வந்த டாக்டரின் கூலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2023இல் அதற்குப் பதிலாகத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் கொண்டுவந்தார்கள். கடைசி வருடத்துக்கு ஒரு வெளியேறும் தேர்வு உண்டு என்கிறது, தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு வழிகாட்டுதல் வகுக்கலாம் என்கிறது. பிள்ளைக்கு இன்னொரு பரீட்சை! முதலாளிக்கு எப்போது ஐயா பரீட்சை? நஞ்சன்கூடு பல்பொடிப் பொட்டலத்தில்கூட விலை அச்சிட்டிருக்கிறது. பல் பார்க்கிற பிள்ளையின் கூலி எந்தக் காகிதத்திலும் இல்லை.

சிலர் தாராள மனசுக்காரர்கள். சம்பளம் வேண்டாம், சதவீதம் எடுத்துக்கொள் என்பார்கள். இருபது, முப்பது. லேப் பில் கழித்து, மருந்துச் செலவு கழித்து, வராத பணத்தையும் கழித்து. இதில் இன்னொரு விஷம் இருக்கிறது, பொதுமக்கள் காது கொடுத்துக் கேளுங்கள். அடைத்தால் போதும் என்கிற பல்லுக்கு அந்தப் பிள்ளை 800 ரூபாயில் பங்கு வாங்கும். அதே பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட்டால் பல ஆயிரத்தில் பங்கு. வீட்டு வாடகை கட்டாமல் நிற்கிற 24 வயதுப் பிள்ளையை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துகிறீர்கள். அது தப்பு செய்தால் பாவம் யாருக்கு? பெரிய ஊர்களில் ஒரே பெயரில் பத்துக் கிளினிக் வைத்திருப்பவர்கள் மாத இலக்கே கொடுக்கிறார்கள். உங்கள் வாயைத் திறக்கச் சொல்லும்போது அந்த டாக்டரின் தலைக்குள் ஒரு தொகை ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: முதல் வருடம் சதவீதமே கூடாது. நிலையான சம்பளம்தான்.

ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மைக் முன்னால் நிற்க எனக்கு உரிமை இல்லை. 2009இல் ஒரு பையனை ஆறாயிரம் ரூபாய்க்கு வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன், அது உண்மை. சம்பளம் போதாது என்று அவன் கேட்டபோது என் வாயிலிருந்தும் அதே வார்த்தை வந்தது. கற்றுக்கொள்ளத்தானே வந்தாய். மண்டி மொஹல்லாப் பெரியவர் ஒருநாளும் சொல்லாத வார்த்தையை நான் சொன்னேன். பையன் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் இன்சூரன்ஸ் கோப்பு பார்க்கிறான். நல்ல கை அவனுக்கு. என் நினைவில் அந்தக் கை வந்துகொண்டே இருக்கிறது.

சம்பளமும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கவும் முடியாதா? பிரிட்டனில் 1993இலிருந்து, அரசுத் திட்டத்தின் கீழ் பல் மருத்துவம் பார்க்கப் போகிற உள்நாட்டுப் பட்டதாரிக்கு முதல் வருடம் ஒரு நல்ல கிளினிக்கில் பயிற்சி. சம்பளம் நிலையானது. ஒரு மூத்த மருத்துவர் பொறுப்பு, வாராவாரம் உட்கார்ந்து பாடம் பேச வேண்டும். அந்த மூத்தவருக்கும் கற்றுக்கொடுத்ததற்குப் பணம் உண்டு. பணக்கார நாடு என்பீர்கள். மைசூரில் ஒரு மூத்தவர் ஒரு ஸ்டூலில் உட்கார எந்த நாட்டுப் பணம் வேண்டும்?

இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அரசு நடத்துகிற கல்லூரி என்றால் அரசுக் கட்டணம் வாங்கு என்றார்கள். விடுதியில் சாப்பாட்டை நிறுத்தியும் எழுந்திருக்கவில்லை. வாரக்கணக்கில் இருந்தார்கள், ஜெயித்தார்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் அழுகிறீர்கள். நேரே வந்து உட்காருங்கள்.

இந்த ஊரில் குறை சொல்வது புதிதும் இல்லை. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ரங்காச்சார்லு இங்கே திவானாக இருந்தபோது, 1881இல் தசராவுக்கு ஊர் ஊராக ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குறைகளைச் சொல்லுங்கள் என்று பிரதிநிதி சபையைத் தொடங்கினார். டவுன் ஹால் அவர் பெயரில்தான் நிற்கிறது. மகாராஜா காலத்தில் குடியானவன் எழுந்து நின்று பேசிய ஊரில், பட்டம் வாங்கிய ஒரு பெண் தன் சம்பளத்துக்காக என் கிளினிக் வாசலில் வந்து அழ வேண்டுமா?

ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரே பக்கம். முதல் வருடம் நிலையான சம்பளம், தொகையை எழுத்தில் கொடுக்க வேண்டும், ஏழாம் தேதிக்குள் கையில் வர வேண்டும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் மூத்தவர் அதே அறையில் இருக்க வேண்டும். உடைந்த ஃபைலுக்குப் பிடித்தம் கிடையாது. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. நோயாளியிடம் உண்மையைச் சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது. இவ்வளவுதான்.

அந்தப் பெண் நாளை காலை ஒன்பதரைக்கு என் கிளினிக்கில் சேருகிறாள். இதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் சேருகிறாள். முதல் கையெழுத்து நான் போட்டுவிட்டேன். காகிதமும் பேனாவும் மேடைக்குக் கீழே அந்த மேசையில் இருக்கின்றன. எனக்கு முன்னால் பேசிய நண்பர் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். தம்பி, அந்தப் பேனாவை எடுத்து அவரிடம் கொடு.