நுரையீரலில் ஒரு நிழல்

(ஆதரவாளர் கூடுகையில் நிகழ்த்தப்பட்ட உரை)



சென்ற கூடுகையில் வயதான தாயார் ஒருவர் எங்களைக் கேட்டார்கள்: "ஏழைகளுக்கு மருந்து வாங்கத்தான் காணிக்கை கொடுக்கிறோம். ஆராய்ச்சி, பரிசோதனை என்று எதற்குச் செலவு?" நியாயமான கேள்வி. பதிலாக, எங்களைத் தலைகுனியச் செய்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம்.

52 வயதான கொத்தனார் ஒருவர் இருமலோடு எங்கள் கிராம மருந்தகத்துக்கு வந்தார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல் தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆனாலும் நம் நாட்டில் நெஞ்சில் நிழல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். ஆறு மாதம் அதற்கான மாத்திரை கொடுத்தோம். அவரும் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டார். எடை மட்டும் குறைந்துகொண்டே போனது. பிறகுதான் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துவந்து, பிராங்கோஸ்கோப் குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, சிறு துண்டு சதை எடுத்துச் சோதித்தோம். புற்றுநோய்! எலும்புவரை பரவியிருந்தது. "இந்த டெஸ்டை அப்பவே எடுத்திருந்தா என்னங்க ஐயா?" என்று அவருடைய மனைவி கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

பிரியமானவர்களே, காலம் தாழ்ந்து வரும் அறிவு என்ன செய்யும் என்பதற்குச் சரித்திரத்திலும் சாட்சி உண்டு. 1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம், புற்றுநோய் கண்ட ஒரு முழு நுரையீரலையே அகற்றி நோயாளியைப் பிழைக்க வைத்தார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவர். 1950-ல் மாணவர் எர்ன்ஸ்ட் விண்டருடன் சேர்ந்து 684 நோயாளிகளை ஆராய்ந்து, சிகரெட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை கிரஹாம் வெளியிட்டார். அதன்பின் தாமும் புகைப்பதை விட்டார். ஆனால் 1957-ல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளியோ அவருக்குப் பின்னும் உயிரோடிருந்தார்.

இன்று நமக்குத் தெரிந்தது அதிகம். 1960-களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகேட்டோ இகேடா உருவாக்கிய வளையும் பிராங்கோஸ்கோப், நெஞ்சைத் திறக்காமலே சதை எடுக்க வழி செய்தது. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், அதிகமாகப் புகைத்தவர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்ததால், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இந்நோய் மரணங்கள் 20 சதவீதம் குறைந்தன. ஆனால் அதை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. பழைய காசநோய்த் தழும்புகளும் ஸ்கேனில் நிழலாகவே தெரியும். ஆகவே நம் மக்களுக்கு ஏற்ற வழியை நாமே தேட வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சி என்று நாங்கள் சொல்லுவது இதைத்தான்.

கொத்தனாரின் சதைத் துண்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இருந்தது. ஆசிய மக்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. இதற்கென்றே உள்ள மாத்திரை நம் நாட்டிலேயே தயாராகிறது. தினம் ஒன்று சாப்பிடுகிறார். மூச்சிரைப்பு தணிந்தது, உட்கார்ந்து சாப்பிடுகிறார், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நடந்தே வந்தார். குணமாகிவிட்டார் என்று சொல்லமாட்டோம். கிடைத்த மாதங்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம்.

அவர் மனைவியின் கேள்வி எங்கள் வழக்கத்தை மாற்றியது. சளியில் கிருமி இல்லாமல் நெஞ்சில் நிழல் மட்டும் இருந்தால், இப்பொழுது ஆறு மாதம் காத்திருப்பதில்லை. முதலிலேயே ஸ்கேனுக்கும் சதைப் பரிசோதனைக்கும் அனுப்புகிறோம். கையில் பணம் இல்லை என்பதற்காக ஒருவரும் திரும்பிப் போகக் கூடாது என்பதே எங்கள் ஜெபம். அந்தத் தாயாரின் கேள்விக்கும் இதுவே பதில்: நோய் இன்னதென்று அறியாமல் கொடுக்கும் மருந்து, ஏழையின் காலத்தையும் உயிரையும் வீணாக்கும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அந்தச் சிறு துண்டு சதையைச் சோதிக்கப் போகிறது. அதுவும் இரக்கத்தின் ஊழியமே.

எங்களுக்காகவும், அந்தக் குடும்பத்துக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.