விருது வேண்டாம் என்ற நிருபர்

(பாலக்காடு கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு வி.வி. கிரி என்ற பெயர் புதிதல்ல. ஜனாதிபதியாவதற்கு வெகுகாலம் முன்பே அவர் ரயில்வே தொழிற்சங்கத் தலைவர். 1960 முதல் 1965 வரை இந்தக் கேரளத்துக்குக் கவர்னராகவும் இருந்தார். அவருடைய பேரன்தான், 1957-ல் சென்னையில் பிறந்த பத்திரிகையாளர் பி. சாய்நாத். பெரிய இடத்துப் பிள்ளை. டெல்லியில் உட்கார்ந்து மந்திரிகள் பேச்சை எழுதியே பெயர் வாங்கியிருக்கலாம். அவர் என்ன செய்தார்?

1993-ல் பம்பாய் 'பிளிட்ஸ்' பத்திரிகையை விட்டார். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' தந்த உதவித்தொகையோடு ஐந்து மாநிலங்களின் பரம ஏழை மாவட்டங்களுக்குப் போனார். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றில் உண்டு. சுமார் 5,000 கிலோமீட்டர் நடந்தே போனார். ஒரு பனையேறி ஒரே நாளில் எத்தனை மரம், எவ்வளவு உயரம் ஏறுகிறார் என்று கணக்குப் போட்டார். வறட்சி ஏழைக்குச் சாபம், காண்டிராக்டருக்கு வரம் என்பதை அம்பலமாக்கினார். அந்தக் கட்டுரைகள் 1996-ல் புத்தகமாயின.

2007-ல் மக்சேசே விருது வந்தது, வாங்கிக்கொண்டார். 2009-ல் பத்மபூஷண் வந்தது; மறுத்துவிட்டார். எந்த அரசைப் பற்றி எழுதுகிறோமோ, அந்த அரசிடம் பத்திரிகைக்காரன் பரிசு வாங்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

2014-ல் அவர் நம் இடுக்கிக்கும் வந்தார். பெட்டிமுடிக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடிக்குப் போனார். அங்கே ஒரு முதியவர் தம் டீக்கடையிலேயே 160 புத்தகங்களை வைத்து நூலகம் நடத்துவதை உலகறிய எழுதினார். நாம் எத்தனை பேர் அதுவரை அதை அறிந்திருந்தோம்?

அதே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து 70 உயிர்கள் போயின. தேயிலைத் தோட்ட லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த நம் தமிழ்க் குடும்பங்கள்! அன்று கேமராக்கள் வந்தன. செத்தால்தான் நாம் செய்தியா, தோழர்களே? அந்த ஒற்றை அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், ஓய்வு பெற்றபின் அவர்களுக்குச் சொந்தமாகப் போக ஒரு வீடு உண்டா என்று முதல் நாளே கேட்டவர் யார்?

சாய்நாத் எல்லா லயத்துக்கும் வரமுடியாது. ஆனால் அவர் செய்த வேலையை நாம் செய்யலாம். பறித்த கொழுந்தின் எடை, பிடித்தம் போகக் கைக்கு வந்த கூலி, ஒழுகும் கூரை, மறுக்கப்பட்ட ரேஷன் கார்டு, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்போம். கணக்கில்லாத குறையை எந்த அதிகாரியும் காதில் வாங்கமாட்டான்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு நோட்டு வரவேண்டும். எழுதத் தெரியாத தாய்மார்கள் சொல்லட்டும், நாம் எழுதுவோம்.