பழைய வாஷரைக் கையோடு கொண்டு போங்கள்

நேயர்களே, வீட்டில் சின்னச் சின்னப் பழுது வந்தால் யாரிடம் யோசனை கேட்பது, எப்படிக் கேட்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். குழாய், கூரை, சுவர், மின்சாரம் என்று பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். நான் காம்பாரில் குழாய் வேலை செய்து பிழைக்கிறவன். அதனால் குழாயடியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன். மற்றதெல்லாம் போகிற போக்கில்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காம்பார் பழைய பட்டணத்தில் ஏதாவது ஒரு ஹார்ட்வேர் கடை வாசலில் காலையில் நின்று பாருங்கள். வருகிறவர் தமிழரோ மலாய்க்காரரோ சீனரோ, கல்லாவில் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "தவுக்கே, பைப் போச்சோர்." பைப் ஒழுகுகிறது. அவ்வளவுதான் சேதி. விவரம் தெரிந்த தவுக்கே உடனே எதையும் எடுத்து நீட்ட மாட்டார். "மானா போச்சோர்?" என்பார். எங்கே ஒழுகுகிறது? குழாயின் வாயிலா, கைப்பிடிக்குக் கீழேயா, சுவரோடு சேரும் இடத்திலா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கடைக்குப் போனால் தேவையில்லாத சாமானோடு திரும்புவீர்கள். மூடிய பிறகும் வாயில் சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. திறக்கும்போது கைப்பிடிக்குக் கீழே கசிந்தால், தண்டைச் சுற்றி இருக்கும் பேக்கிங்கோ ஓ-ரிங்கோ போய்விட்டது. சுவர் ஓரத்தில் கசிந்தால் மரையில் சுற்றிய வெள்ளை டேப் விட்டுவிட்டது. முதல் இரண்டும் சில காசு, சில வெள்ளி வேலை. இவை தெரியாமல் முழுக் குழாயையே மாற்றுகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். உங்களைத் திருப்பி நாலு கேள்வி கேட்காமல் யோசனை சொல்கிறவர் யாராக இருந்தாலும், நான் அவரிடம் வேலையைக் கொடுக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இங்கே வந்த பிறகு, அதைச் சுற்றித் தாமான்கள் பெருகின. பாதி வீடுகளில் மாணவர்கள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் குளியலறைக் குழாயைத் தானே சரி செய்யப் பார்த்தார். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மைத்துனர் போனில் யோசனை சொன்னார்: "மீட்டர் பக்கத்தில் இருக்கிற வால்வை மூடு மச்சான், அப்புறம் தைரியமா கழட்டு." மச்சானும் மூடினார், கழற்றினார். தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. கட்டை விரலால் பைப்பை அடைத்துக்கொண்டு மகளை விட்டு எனக்குப் போன் போடச் சொன்னார்.

மைத்துனர் சொன்னது அவர் வீட்டுக்கு முழுக்கச் சரி. அங்கே மீட்டர் வால்வை மூடினால் வீடு முழுக்கத் தண்ணீர் நின்றுவிடும். நம் தரை வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. சமையலறை சிங்க் குழாய்க்கு மெயினிலிருந்து நேராக வரும். குளியலறைக்கும் கழிவறைக்கும் சீலிங்குக்கு மேலே இருக்கிற டாங்கியிலிருந்து இறங்கும். மீட்டரை மூடினால் டாங்கி நிரம்புவது நிற்கும்; ஏற்கெனவே இருக்கிற தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த டாங்கியிலிருந்து இறங்கும் பைப்பில் தனியாக ஒரு கேட் வால்வு உண்டு. உங்கள் வீட்டில் அது எங்கே இருக்கிறது, தெரியுமா? பலருக்குத் தெரியாது. சிலருக்கு டாங்கி எந்த அறைக்கு மேலே இருக்கிறது என்பதே தெரியாது.

சரி, வாஷருக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த இடம் இது.

திருகி மூடும் குழாயைக் கழற்றினால் தண்டின் அடியில் சின்னப் பித்தளைத் தட்டு ஒன்று இருக்கும். அதில் ஐந்து காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு ரப்பர் வட்டம். அந்த வட்டம் பித்தளை விளிம்பில் போய் உட்கார்ந்தால் தண்ணீர் நிற்கும். 1845-இல் இங்கிலாந்தின் ரோதர்ஹாமில் இந்தத் திருகு குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதேதான். பழைய வாஷரை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சொட்டுகிறதே என்று நாம் இறுக்க இறுக்க, பித்தளை விளிம்பு ரப்பரை அறுத்துக்கொண்டே போகும். நேயர்களே, தயவுசெய்து இறுக்காதீர்கள். இன்றைக்கு இறுக்கினால் நின்றுவிடும், அடுத்த வாரம் இன்னும் பலமாக இறுக்க வேண்டிவரும். புது வாஷர் போட்டும் சொட்டினால், வாஷரைக் குறை சொல்லாதீர்கள். விளக்கடித்து உள்ளே இருக்கும் பித்தளை விளிம்பைப் பாருங்கள். அதில் கீறல் இருந்தால் எந்த வாஷரும் நிற்காது.

அந்த ரப்பர் வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேராக்கின் கதைதான் ஞாபகம் வரும். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒரு மரம் இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்புறம் இந்த மாநிலம் முழுக்க ரப்பர் தோட்டம், தோட்டம் முழுக்க நம் ஆட்கள். பச்சை ரப்பர் மட்டும் போதாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது வாஷராக உழைக்கும். அதைச் சார்லஸ் குட்இயர் 1839-இலேயே கண்டுபிடித்துவிட்டார்.

மாலிம் நாவார் பக்கம் ஒரு பாட்டி வீட்டில் குழாய் வேலை. நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். நான் வாங்கிக்கொண்டு போன வாஷரை என் கையிலிருந்து எடுத்து நகத்தால் அழுத்தினார், மடக்கினார், மோந்து பார்த்தார். "என்னா தம்பி இது, ரப்பர் வாடையே இல்ல லா. இத எவன்கிட்ட வாங்கின?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் பாட்டி சொன்னது உண்மை. அது பிளாஸ்டிக் மாதிரி விறைத்த மலிவுச் சரக்கு. மடக்கினால் மடங்கி, விட்டவுடன் பழைய வடிவத்துக்கு வர வேண்டும். மடக்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். இன்றைக்கு நானும் கடையில் மடக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். தவுக்கே முகம் சுளிப்பார், பரவாயில்லை. இன்னொன்று, வாஷருக்குச் சமையல் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பி, கெட்டுப்போகும்.

கால் திருப்பில் திறக்கிற புது மாதிரிக் குழாய்களில் இந்த ரப்பர் வாஷரே கிடையாது. உள்ளே செராமிக் தட்டு வைத்த கார்ட்ரிட்ஜ். அதன் தண்டில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். சிலதில் 20, சிலதில் 24. பற்களின் எண்ணிக்கை மாறினால் கைப்பிடி உட்காராது. ஆகவேதான் சொல்கிறேன், கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். படம் எடுத்துப் போவது இரண்டாம் பட்சம். படத்தில் அளவு தெரியாது.

சொட்டுதானே என்று விடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் போகிறது. நம்பிக்கை இல்லையென்றால் இரவில் வாளி வைத்துப் பாருங்கள்.

யோசனை கேட்பது நம்மில் பலருக்கு ஏன் கூச்சமாக இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு. தோட்டத்து லயத்தில் இருந்தபோது வீடு நம்முடையது இல்லை. கூரை ஒழுகினால் கிராணியாரிடம் சொல்ல வேண்டும், அவர் எழுதிக்கொள்வார், ஆசாரி வருகிற நாள் வருவார். அதுவரைக்கும் பானையை வைத்துத் தண்ணீர் பிடிக்க வேண்டியதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிறகு தாமான் வீட்டுக்கு வந்தோம். வீடு சொந்தம், கடன் சொந்தம், ஒழுக்கும் சொந்தம். ஆசாரி மட்டும் கிடையாது. அந்தக் காலத்து ஆசாரிகள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் கயிறு கட்டுவதோடு அவர்களை விட்டுவிடுகிறோம். தகரக்கூரையில் ஆணியை நெளிவின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஓடுகிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வீட்டுக்குள் வரும் என்று எனக்குச் சொன்னவர் அப்படிப்பட்ட ஒரு பெரியவர்தான். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஒரு கோப்பித் தண்ணி கொடுத்துக் கேளுங்கள், ஐயா.

நேரம் ஓடிவிட்டது. மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளை போடவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சுவர் வெடிப்பைப் பார்த்ததும் பூசி மறைக்காதீர்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக்குட்டை நிலத்தைத் தூர்த்துக் கட்டிய வீடுகள் நிறைய. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் போனால் பூச்சு வேலைக்காரரை விட்டுவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மின்சாரம். இதில் மட்டும் யாருடைய யோசனையும் வேண்டாம். வீடியோ பார்த்து வயரில் கை வைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்க வீடியோவில் கறுப்பு வயரில் மின்சாரம் ஓடும். நம் சுவருக்குள் கறுப்பு நியூட்ரல், சிவப்பில்தான் மின்சாரம். சாமான்களோடு வரும் வயரில் நீலம் நியூட்ரல். நம் சுவருக்குள் வரும் மூன்று பேஸ் இணைப்பிலோ அதே நீலத்தில் மின்சாரம் ஓடும். பிளக்கில் பியூஸ் மாற்றுங்கள், கெட்டுப்போன பல்பை மாற்றுங்கள். அதற்கு மேல் சுருஹான்ஜயா தெனாகா உரிமம் பெற்ற வயர்மேன்தான். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நேர்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். டிபி பெட்டியில் 'டெஸ்ட்' என்று எழுதியிருக்கிற பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அழுத்தியும் சுவிட்ச் விழாவிட்டால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் மீட்டர் வால்வையும் டாங்கி வால்வையும் தேடிக் கண்டுபிடித்து, ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். இறுகியிருந்தால் ஸ்பேனரை மாட்டி முறுக்காதீர்கள், உள்ளே தண்டு உடைந்துவிடும். குழாய்க்காரரை வரச் சொல்லி இப்போதே மாற்றிவிடுங்கள்; பைப் வெடித்த ராத்திரியில் அவர் போனை எடுக்க மாட்டார். நானும் எடுக்க மாட்டேன்.