மூடியைக் கழற்றியது யார்?



கதையை நடத்திச் செல்வது காரண காரியமா, விதியும் தற்செயலுமா என்பது இந்த உடுமலைப்பேட்டைப் பட்டிமன்றத்தின் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் உங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "வாழ்க்கையில நடக்குற எல்லாத்துக்கும் காரணம் தெரியுதா? தெரியாதபோது கதைக்கு மட்டும் எதுக்குங்க காரணம்?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் தேடி நான் முதலில் புத்தக அலமாரிக்குப் போகவில்லை. என் அம்மாவிடம் போகிறேன்.

என் அம்மா இருபது வருடம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுவார். நாங்கள் தூங்கிய பிறகு திரும்புவார். ஒருநாள் லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேசைமேல் துணியை விரிக்கிறார். அதில் ஒரு கோடு. நீளவாக்கில் ஓடினால், "நிட்டிங்ல ஊசி கெட்டிருக்கு" என்கிறார். அகலவாக்கில் பட்டை பட்டையாக வந்தால், "நூல் மாறிப்போச்சு" என்கிறார். ஓட்டையின் ஓரம் வெட்டினாற்போல இருந்தால், பிசிறு வெட்டுகிற இடத்தில் கத்தரி பட்டிருக்கிறது. கண்ணி அவிழ்ந்து கீழே ஓடியிருந்தால் அது வேறு கதை. மிஷினையே பார்க்காமல், மேசையில் கிடக்கிற துணியை வைத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து அந்த ஊசி வரைக்கும் போய்விடுவார். அந்த மேசையில் நின்ற ஒரு பெண்கூட, டேமேஜ் பீஸைக் கையில் எடுத்து, "இது இந்தப் பீஸோட தலையெழுத்து" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த ஆயிரம் பீஸும் அதே கோட்டோடு வந்திருக்கும்.

கதை எழுதுகிறவருக்கும் அதே வேலைதான் என்கிறோம் நாங்கள். ஒரு சாவு, ஒரு பிரிவு, ஒரு வீழ்ச்சி கண்ணில் படுகிறது. அதிலிருந்து பின்னால் நடந்து ஊசி வரைக்கும் போக வேண்டும். பாதி வழியில் நின்று "விதி" என்று சொல்லிவிட்டால் செக்கிங் முடியவில்லை என்று அர்த்தம்.

உடனே எதிரணியில் சிலப்பதிகாரத்தை எடுப்பார்கள். எடுத்தும்விட்டார்கள். "ஊழ்வினை வந்து ஊட்டும் என்று இளங்கோவே சொல்லிவிட்டார், அதற்குமேல் நீ யாரம்மா" என்றார் அய்யா. அய்யா, நான் இளங்கோவடிகளுக்கு முன் கைகட்டி நிற்கிற தமிழாசிரியை. நின்றபடியே கேட்கிறேன். பதிகம் மூன்று உண்மைகளைச் சொல்கிறது. அதில் முதலாவது எது? அரசியலில் தவறியவர்களுக்கு அறமே எமனாகும் என்பது. ஊழ் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

மதுரையில் நடந்ததை ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பாருங்கள். சிலம்பை விற்கப் போன கோவலன் கடைவீதியில் சந்தித்தது ஒரு பொற்கொல்லனை. அது தற்செயல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் ஏற்கெனவே அரசியின் சிலம்பைத் திருடியவன். பழியைப் போட ஓர் ஆள் அவனுக்குத் தேவை. வந்தவனோ ஊருக்குப் புதியவன், ஒற்றைச் சிலம்போடு வந்தவன். அந்த நேரத்தில் அரசன் எங்கே இருந்தான்? அவையில் இல்லை. ஆடல் பார்த்ததில் தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் நோக்கிப் போகிறான். வாசலிலேயே பொற்கொல்லன் காலில் விழுகிறான். விசாரிக்கப் பொறுமை இல்லாத நேரம். விசாரிக்காமலே ஆணை பிறக்கிறது. சரி, அப்போதாவது தப்பித்திருக்கலாமே? போன காவலர்கள் கோவலனின் முகத்தைப் பார்த்து, இவன் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லை என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களுக்குத் துணையாகும் எட்டு உபாயங்களை அடுக்கி அவர்கள் மனத்தைக் கரைக்கிறான். அப்புறமும் யோசித்தவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, அறிவில்லாத ஒரு குடிகாரக் காவலன் வாளை வீசிவிடுகிறான்.

எண்ணிக்கொள்ளுங்கள். திருட்டு, ஊடல், அவசரம், விசாரணை இல்லாத ஆணை, நாவன்மை, குடி. ஊழ் ஒன்றே போதும் என்று இளங்கோ நினைத்திருந்தால் இத்தனை கண்ணிகளைப் பின்னியிருக்க வேண்டியதில்லை. ஓர் இடி விழுந்து கோவலன் செத்தான் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான், அந்தப் பழிதான் இந்தப் பிறவியில் வந்தது என்ற விளக்கத்தை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எப்போது சொல்கிறது? கட்டுரை காதையில். அது இருபத்து மூன்றாவது காதை. கண்ணகி வழக்குரைப்பது இருபதாவது காதை. மூன்று காதை தள்ளி! சிலம்பை உடைத்து, உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்த்து, அரசன் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் விட்டு, ஊரும் எரிந்த பிறகுதான் தெய்வம் வந்து கண்ணகியிடம் ஊழைச் சொல்கிறது. முதலில் நீதி விசாரணை, பிறகே தத்துவம். கண்ணகி "எல்லாம் என் விதி" என்று தங்கியிருந்த மாதரி வீட்டிலேயே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் நமக்குச் சிலப்பதிகாரமே கிடையாது. என் கணவனை ஏன் கொன்றாய் என்று கேட்கப் போனாளே, அந்த நடைதான் காப்பியம்.

1927இல் ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் கேம்பிரிட்ஜில் நாவல் கலையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது வெறும் கதை. அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் அதில் கதைப்பின்னல் வந்துவிடுகிறது என்றார். உலகம் முழுக்க இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைப் படித்தபோது சிலம்பின் அரசன் பாண்டியன் நெடுஞ்செழியனும் அவன் தேவி கோப்பெருந்தேவியும்தான் கண்முன் வந்தார்கள். எவ்வளவு காலத்துக்கு முன்பே நம் வீட்டில் இருந்த பொருள் இது!

மணிமேகலைக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள் அய்யா. அறவண அடிகள் காஞ்சியில் அவளுக்குப் பன்னிரண்டு சார்புகளைச் சொல்லித் தருகிறார். பேதைமையில் தொடங்கி, செய்கை, உணர்வு என்று ஒன்றைச் சார்ந்து ஒன்று பிறந்து, வினைப்பயன் வரைக்கும் போகிறது அந்தச் சங்கிலி. தோன்றுவதை மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. முதலாவது நீங்கினால் அடுத்தது நீங்கும், அது நீங்கினால் அதற்கு அடுத்தது நீங்கும் என்று கடைசி வரை சொல்கிறார். பின்னலாடை ஊரில் இதற்கு உரை தேவையில்லை. ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்தால் வரிசையாக அவிழும். காரணம் தெரிந்தால் அவிழ்க்கலாம். விதி என்றால் எதைப் பிடித்து இழுப்பது?

இந்த ஊர் மேடையில் நின்று உடுமலை நாராயணகவியைச் சொல்லாமல் போனால் என் பேச்சு முழுமையாகாது. 1899இல் பூளவாடியில் பிறந்த கவிராயர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்காக அவர் எழுதிய கிந்தனார் கதாகாலட்சேபம் 1949இல் வந்த நல்லதம்பி படத்தில் இருக்கிறது. நந்தனார் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சிதம்பரம் போக ஏங்கிய நந்தன், தீயில் மூழ்கி எழுந்து, பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது. பக்தர்களின் உள்ளத்தை உருக்குகிற கதை, நானும் உருகியிருக்கிறேன். ஆனால் அந்தத் தீயை அடுத்த வீட்டுப் பையனுக்குச் சொல்லித் தர முடியுமா? நம் கவிராயர் என்ன செய்தார்? சிதம்பரத்துக்குப் பதிலாகப் பட்டணம். தீக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம். நடுவில் ஒரு ரயில். அதில் எல்லாச் சாதியும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகிறது. கிந்தன் படிக்கிறான், கல்வித் துறை அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அற்புதம் இருந்த இடத்தில் காரணத்தை வைத்தார் உடுமலைக்காரர். ரயிலேறிப் பள்ளிக்கூடம் போனால் இது நடக்கும் என்று சொன்ன கதை அது. கொட்டகையில் சிரித்துக்கொண்டே அதைக் கேட்ட கூலித் தகப்பன் ஒருவனுக்கு, தன் பிள்ளையும் அந்த வழியில் போகலாம் என்று தோன்றியிருக்காதா?

பக்கத்துத் தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரில் பிறந்த ஆர்.சண்முகசுந்தரம் 1942இல் நாகம்மாள் நாவலை எழுதினார். கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். தூண்டிவிட ஆள் இருக்கிறது, மறுக்க ஆள் இருக்கிறது, ஊர் வாய் இருக்கிறது. கடைசியில் கொலை. படித்து முடித்துவிட்டு எந்த இடத்தில் இதை நிறுத்தியிருக்கலாம் என்று பக்கங்களைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். பங்காளிச் சண்டை நடக்கிற வீடுகளில் அந்த நாவலை வாங்கி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

"காரணம் காரணம் என்று போனால் கதை வறண்டுபோகும், வில்லனைத் தேடும் வேலையாகிவிடும்" என்றார் எதிரணித் தங்கை. இல்லைங்க அம்மணி. நொய்யல் ஆற்றைப் பாருங்கள். 1992இல் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. அணையைச் சுற்றியிருந்த கிணறுகள் கெட்டன, நிலம் கெட்டது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இந்தக் கதையில் வில்லன் யார்? சாயம் போட்டவரா? மலிவாகக் கேட்ட வெளிநாட்டு வியாபாரியா? கண்ணை மூடிக்கொண்டவர்களா? அந்தத் துணியில் கோடு தேடிச் சம்பளம் வாங்கிய என் அம்மாவா? அந்தச் சம்பளத்தில் படித்த நானா? காரணத்தைத் தேடிப் போனால் கடைசியில் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்போம். இதைவிட ஈரமான கதை எது? சுப்ரபாரதிமணியன் சாயத்திரை நாவலை எழுதியது இந்த மண்ணில் நின்றுதான்.

திருப்பம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிரேக்கத்து அரிஸ்டாட்டில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஆர்கோஸ் நகரத்தில் மிட்டிஸ் என்பவனின் சிலை, அவனைக் கொன்றவன்மேலேயே விழுந்து அவனைக் கொன்றது. தற்செயல்தான். ஆனாலும் கேட்டதும் நமக்குச் சிலிர்க்கிறதே, ஏன்? கொலைக்கும் சிலைக்கும் தொடர்பு இருப்பதாக மனம் உணர்வதால். வழியில் போன வேறொருவன்மேல் விழுந்திருந்தால் அது வெறும் விபத்து. எதிரணியினர் கொண்டாடுகிற அந்தச் சிலிர்ப்பே எங்கள் வீட்டில் கடன் வாங்கியதுதான்.

கடைசியாக ஒன்று. என்னிடம் பத்தாவது படித்த பெண் ஒருத்தி பஞ்சாலை வேலைக்குப் போனாள். எந்த ஆலை என்பது வேண்டாம். ஒருநாள் விரல் போய்விட்டது என்று சேதி வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தா முழுக்கச் சொந்தக்காரர்கள். எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை, "அவ நேரம்". அவள் அப்பாவும் தலையில் கைவைத்துக்கொண்டு, "நேரம் சரியில்லீங்க டீச்சர்" என்றார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லு கண்ணு" என்றேன். அவள் சொன்னாள்: "ராத்திரி ஷிப்டு முடிஞ்சுதுங்க டீச்சர். மாத்த ஆள் வரலைன்னு மறுபடியும் நிக்கச் சொன்னாங்க. கியர் மூடியைச் சுத்தம் பண்ணக் கழட்டியிருந்தாங்க, திருப்பி மாட்டலைங்க. பஞ்சு சிக்குச்சு, கண்ணைச் சுத்திட்டு வந்துச்சு, எடுக்கப் போனேனுங்க."

அவ்வளவுதான் கதை. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா நிமிர்ந்தார். "மூடியைக் கழட்டுனது ஆருங்க?" என்று கேட்டார்.

நடுவர் அய்யா, விதி என்ற வார்த்தை அந்த மனிதரை உட்கார வைத்திருந்தது. முதலில் இருந்து வரிசையாகச் சொன்ன கதை அவரை எழுப்பி நிற்க வைத்தது. அவர் கேட்ட அந்தக் கேள்வியைக் காதில் வைத்துக்கொண்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.