கரும்பலகையும் குழந்தையின் கண்ணும்



நம் குழந்தைகளைப் பள்ளியிற் சேர்ப்பதே பெரும் போராட்டமாயிருந்த காலம் உண்டு. சேர்த்த பின்னும் நமக்குக் கடைசி வரிசையே கிடைத்தது. அங்கிருந்து கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் சூட்டினர். கண்ணின் குறையை அறிவின் குறையாகவும், அதனைச் சாதியின் குறையாகவும் கணக்கெழுதுவோர் இன்றும் உளர். அக்கணக்கைப் பொய்யாக்க வேண்டுமாயின், குழந்தையின் பார்வையை நாமே முதலில் சோதித்தறிதல் வேண்டும்.

மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்கிறோம். அஃது அதிர்ஷ்டமன்று, மருத்துவம் வேண்டும் குறை. பிறந்த சில வாரங்களில் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பே. நான்கு மாதத்திற்குப் பின்னும் விலகினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரு கண்களும் இரு திசை நோக்கினால், மூளை ஒரு கண்ணின் காட்சியைத் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட கண்ணில் பார்வை வளர்வதில்லை. இதுவே 'சோம்பல் கண்'. ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மூடிவைத்தும் பார்வையைப் பெரிதும் மீட்கலாம். கண்ணை நேராக்க அறுவை மருத்துவமும் உண்டு. வயது கடந்தபின் பார்வையை மீட்பது அரிது. கண்மணியில் வெண்மை தோன்றினாலோ ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. அது புரையாகவோ, உயிரைக் குடிக்கும் புற்றாகவோ இருக்கலாம்.

வீட்டிலேயே அறியும் வழி எளிது. குழந்தையின் ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தள்ளினால், மற்றக் கண்ணில் குறை இருக்கலாம். புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் படிப்பதும், தலையைச் சாய்த்துப் பார்ப்பதும் அடையாளங்களே.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர் தேனியிலும் கிளை கண்டது. கட்டணமில்லாச் சிகிச்சையும் அங்குண்டு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். அந்நாளில் நம் குழந்தை அங்கே இருப்பது நம் கடமை.

விடியுமுன் ஜீப்பேறிக் குமுளிக்கப்பால் ஏலத்தோட்டம் செல்லும் தாய்க்கு ஒருநாட் கூலியை இழப்பது எளிதன்று. ஆதலின் இளைஞர்களே, இப்பணி உங்களுடையது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எங்கும் நம் தெருக்களில், ஒன்றாம் வகுப்பில் சேருமுன் ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் சோதித்துப் பெயர் எழுதுங்கள். குறையுள்ள குழந்தையைத் தாயின் இசைவோடு நீங்களே தேனிக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடி அணிந்த பிள்ளையைக் கேலி செய்ய விடாதீர்கள்.

இருபத்தைந்து ஆண்டுகள் நாம் எழுத்தறிவுக்கு உழைத்தோம். அவ்வெழுத்து ஒவ்வொரு குழந்தைக்கும் தெளிவாகத் தெரிய இனி உழைப்போம்.